மூன்றாம் எண் குழாய்

செப்டம்பர் 30

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் நீர்ப் பாதுகாப்புக் குழு இன்று கூடியது. அதாவது, ஒன்பது பேர் குளிரூட்டிய அறையில் அமர்ந்து முந்திரிப் பக்கோடா தின்றோம். சுரங்க மேலாளர் கோதண்டபாணி திரையில் ஒரு படம் காட்டினார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று இருபத்தைந்து கட்டங்கள். நீரால் வரக்கூடிய ஆபத்துகள் அனைத்தும் அந்தக் கட்டங்களுக்குள் அடங்கிவிட்டனவாம். இச்செய்தியை நீருக்குத் தெரிவித்துவிட்டீர்களா என்று கேட்டேன். சிரித்தார்கள். எழுபத்து நான்கு வயதுக் கிழவி எதைச் சொன்னாலும் நகைச்சுவை என்று கொள்வது மேலாண்மைப் படிப்பின் பயன்களுள் ஒன்று போலும்.

முப்பத்தோராண்டு கல்லூரியில் நிலவியல் கற்பித்தவள் என்பதால் என்னைக் குழுவின் 'சுதந்திர உறுப்பினர்' ஆக்கியிருக்கிறார்கள். காலாண்டுக்கு ஒரு முறை அறிக்கையில் கையொப்பமிடுவது என் சுதந்திரம்.

நிலைமை இதுதான். நாற்பத்தாறு மீட்டர் ஆழக் குழி. அதன் மேற்கே அறுபது மீட்டர் தள்ளிப் பனங்கூர் ஏரி. இடையில் இருப்பது சுண்ணாம்புப் பாறைச் சுவர். பார்வைக்குத்தான் பாறை, தண்ணீரைப் பொறுத்தவரை அது இட்லி, உள்ளே முழுதும் துளை. சுவருக்குள் எவ்வளவு நீர் ஏறி நிற்கிறது என்று அறிய ஐந்து குழாய்க் கிணறுகள் இறக்கியிருக்கிறார்கள். அவற்றுள் மூன்றாம் எண் குழாய்தான் முக்கியம். அதில் நீர்மட்டம் குழாய் வாயிலிருந்து ஆறு மீட்டருக்குள் வந்துவிட்டால், குழியின் அடித்தட்டில் இருப்பவர்களை ஒரு மணி நேரத்துக்குள் மேலே ஏற்றிவிட வேண்டும். இது விதி. இன்றைய அளவு 8.4. கவலையில்லை. கையொப்பமிட்டேன்.

இக்குழுவில் நடந்த ஒரே உருப்படியான காரியம், போன மாசியில் நான் குழாய் வாய்களை நான்கடி உயர்த்த வைத்தது. அதுவரை மழைத்தண்ணீரும் ஆட்டுப் புழுக்கையும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. எழுத்தில் கொடுத்தேன், பதினைந்தே நாளில் செய்து முடித்தார்கள். ஏசினால்தான் வேலை நடக்கிறது.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. குழியின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் நான்கு பம்புகளுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பூஜை போட்ட இயந்திரத்தை மறுநாள் காலை வரை ஓட்டலாகாதாம். ஏரிக்கு அருகில் குழி தோண்டிக்கொண்டு, பம்புக்கு விடுமுறை தருகிறார்கள். கோதண்டபாணி பட்டு வேட்டியில் வந்து கற்பூரம் காட்டினார்.

பம்ப் இயக்குபவன் இன்னாசிமுத்து. அவனும் அவன் மனைவி பிலோமினாவும் என் வீட்டின் பின்கட்டில் எட்டாண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். பிலோமினா எனக்குச் சமைக்கிறாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கன் பம்புக்குச் சந்தனம் பூசலாமா என்று கேட்டேன்.

"பம்பு இந்துதான் டீச்சரம்மா" என்றான்.

அக்டோபர் 12

இன்னாசி வேலை முடிந்து வந்து வாசற்படியில் நின்றான்.

"போன வருசம் பூசை முடிஞ்சு மறுநா பம்பு போட்டப்ப, சம்புல தண்ணி முழங்காலுக்குத்தான் நின்னுச்சு. இந்த வருசம் இடுப்புக்கு மேல ஏறிடுச்சு டீச்சரம்மா. இன்னும் மழையே ஆரம்பிக்கல."

சம்ப் என்பது அடித்தட்டில் நீர் சேரும் குழி. முழங்காலும் இடுப்பும் எந்த அளவைமுறையைச் சேர்ந்தவை என்று கேட்டேன். அவன் உயரத்தை அரசு முத்திரையிட்டுச் சான்றளித்திருக்கிறதா என்றும் கேட்டேன். மூன்றாம் எண் குழாய் எட்டு மீட்டர் காட்டும்போது அவன் இடுப்பு என்ன காட்டினால் என்ன?

சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அக்டோபர் 17

பருவமழை தொடங்கியது. 7.6.

கண்ணுக்கு இரு வேளை சொட்டு மருந்து. மருத்துவர் என்னைப் 'பாட்டி' என்று விளித்தார். அவருக்குத் தெரிந்த உறவுமுறை அவ்வளவுதான்.

அக்டோபர் 24

ஏரி நிரம்பிக் கலிங்கு வழிகிறது. ஊரே குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறது. 7.1. இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் இடமிருக்கிறது. கோதண்டபாணி தொலைபேசியில், "பச்சைக் கட்டம்தான் மேடம்" என்றார். நல்லது.

பிலோமினா, கணவனின் பூட்ஸ் காயவே மாட்டேன் என்கிறது என்று என் சமையலறை அடுப்பருகே அதைக் கொண்டுவந்து வைத்தாள். எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். பிறகு மழை வலுத்ததால் திரும்ப வைத்தாள். நான் பார்க்கவில்லை.

நவம்பர் 4

மதியம் வறுத்த கெண்டைக் குஞ்சு. நன்றாக இருந்தது. தின்று முடித்த பிறகு, எங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.

"வாங்கல டீச்சரம்மா. அவரு சம்புல புடிச்சுட்டு வந்தாரு. ரெண்டு நாளா துள்ளுதாம்."

தட்டில் முள் மட்டும் இருந்தது. சம்பிலிருந்து நீரை ஏரிக்கு இறைக்கிறார்கள். ஏரியிலிருந்து சம்புக்கு யாரும் எதையும் அனுப்புவதில்லை. நாற்பத்தாறு மீட்டர் ஆழத்துக்கு மீன் படிக்கட்டில் இறங்கி வரவில்லை. சுவருக்குள் வழி திறந்திருக்கிறது.

இன்றைய அளவு 6.7 என்கிறார்கள். பொய் சொல்கிறார்கள். நாளை போய் அந்தப் பட்டு வேட்டியைக் கிழிக்கிறேன்.

நவம்பர் 5

கிழிக்க முடியவில்லை.

அளவுகளைத் திருத்தி எழுதுகிறீர்களா என்று கோதண்டபாணியின் முகத்துக்கு நேரே, எழுத்தர்கள் முன்னிலையிலேயே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மூலக் குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தார். நாள்தோறும் ஒரே கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை.

"நம்பலேன்னா நீங்களே போய் அளந்து பாருங்க மேடம். ஜீப் தர்றேன்."

போனேன். நாடாவை நானே இறக்கினேன். நுனி நீரைத் தொட்டதும் இழுத்துப் பார்த்தேன். 6.6. மறுபடியும் இறக்கினேன். 6.6. நாடா சரி. எழுத்தர் சரி.

குழாயின் வாய் என் மார்பளவுக்கு இருந்தது. பழைய இரும்பு முடியும் இடத்தில் ஒரு பற்றவைப்புத் தழும்பு. அதற்கு மேல் நான்கடிக்குப் புதுக் குழாய், நீல வண்ணம் இன்னும் மங்கவில்லை. நல்ல வேலை. ஒரு வெள்ளாடு அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வாய் அதற்கு எட்டவில்லை.

அங்கே சற்று நேரம் நின்றிருந்தேன். ஜீப் ஓட்டுநர், "மயக்கமா வருதாம்மா?" என்று கேட்டார். வெயிலே இல்லாத நாளில் மயக்கம் எதற்கு வரும்?

நவம்பர் 6

எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அலமாரியிலிருந்த புத்தகங்களை எல்லாம் இறக்கித் துடைத்து மறுபடி அடுக்கினேன்.

நவம்பர் 7

கையேட்டை எடுத்துப் படித்தேன். 'குழாய் வாயிலிருந்து ஆறு மீட்டர்' என்றுதான் இருக்கிறது. எந்த வாய் என்று இல்லை. குழாயை உயர்த்தினால் அளவும் அதற்கேற்ப மாறும் என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். கையேட்டை எழுதியவர் கவனமில்லாதவர்.

முதலாண்டு மாணவிக்கான கணக்கு: ஒரு குழாயின் வாய் 1.2 மீட்டர் உயர்த்தப்பட்டது. புதிய வாயிலிருந்து நீர்மட்டம் 6.6 மீட்டர். பழைய வாயிலிருந்து எவ்வளவு?

5.4.

ஆறைத் தாண்டிப் பதினான்கு நாளாகிறது. அக்டோபர் 24 அன்றே 5.9. அன்றுதான் பச்சைக் கட்டம் என்று கேட்டு, நல்லது என்று எழுதியிருக்கிறேன்.

மாலையில் கோதண்டபாணிக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'குழாய் உயரத்தில் ஏற்பட்ட வேறுபாடு கணக்கில் கொள்ளப்படாமை தற்போது தெரியவருகிறது. அடித்தட்டுப் பணியை நிறுத்துவது குறித்துப் பரிசீலிக்கப்படலாம்.' படித்துப் பார்த்தேன். நானே ஆயிரம் தடவை சிவப்பு மையால் அடித்த வகை வாக்கியம். உயர்த்தியவரும் இல்லை, மறந்தவரும் இல்லை. எல்லாம் தானாகவே நடந்திருக்கிறது. அப்படியே ஜீப் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினேன்.

நவம்பர் 8

கோதண்டபாணி நேரில் வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மேடம், நீங்க சொல்றது கணக்குப்படி சரிதான். நானும் போட்டுப் பாத்தேன். ஆனா மார்ச், ஜூன், செப்டம்பர்னு மூணு அறிக்கைல உங்க கையெழுத்து இருக்கு. ஏத்தச் சொன்ன கடிதமும் உங்களோடது. இப்ப தப்புன்னு சொன்னா மொத விரல் யார நோக்கி நீளும்?"

"உங்கள் பொறியாளர்களுக்குக் கழித்தல் தெரியாதா?"

"மரகதவல்லி மேடம் பாத்துட்டாங்கன்னா அதுக்கப்புறம் யாரும் கழிக்கிறதில்ல மேடம்." அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. "மாசக் கடைசில கமிட்டி கூடுதுல்ல. அங்க பக்குவமா வெச்சுக்கலாம். அதுக்குள்ள ஏரியும் வடிஞ்சிரும். நாப்பது வருசப் பேரு உங்களோடது. எதுக்கு?"

அவர் போன பிறகு, அவர் கூறியது நியாயம் என்று தோன்றியது. சுவர் பதினைந்து நாள் நின்றிருக்கிறது. இன்னும் மூன்று வாரம் நிற்காதா? அறுபது மீட்டர்ச் சுவர். இதைவிட மோசமான சுவர்கள் நின்றிருக்கின்றன. நல்ல காரணங்களாகவே வரிசையாக வந்தன. எனக்கு வாதிட வரும்.

பிலோமினா பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "நாலாவது பம்பும் போட்டும் தண்ணி எறங்க மாட்டேங்குதாம். நாளைலேருந்து அவருக்கு ரெண்டு ஷிப்டும் கீழதான். வேற யாருக்கும் அந்தப் பம்பு பழக்கமில்லையாம்."

அவனுக்கு ஏதாவது ஆனால் இவளும் போய்விடுவாள். புதிய சமையற்காரியைத் தேடிப் பிடித்து, என் நாக்குக்குப் பழக்குவது இந்த வயதில் இயலாத காரியம்.

நவம்பர் 9

காலை ஐந்தரைக்குச் சுரங்க வாயிலுக்குப் போனேன். ஆறு மணிக்கு ஷிப்டு மாறும். ஆள் குழிக்குள் இறங்கும் முன் ஃபோர்மேன் ஷிப்டுப் பதிவேட்டைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். அதில் குழு உறுப்பினர் யாரும் எழுதலாம். எழுதியதற்கு நடவடிக்கை எடுக்காமல் ஆளை இறக்கினால், பிறகு நேர்வதற்கெல்லாம் மேலாளரே நேரடிப் பொறுப்பு. கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாம். பதிவேட்டின் பக்கங்களுக்கு எண் உண்டு.

எழுதினேன்:

'மூன்றாம் எண் குழாயின் உண்மையான நீர்மட்டம் 5.3 மீட்டர். அக்டோபர் 24 முதல் ஆபத்தான நிலை. குழாயை உயர்த்தச் சொன்னவள் நான். உயர்த்திய அளவைக் கழிக்க மறந்தவளும் நான். மூன்று அறிக்கைகளில் தவறாகக் கையொப்பமிட்டேன். அடித்தட்டிலுள்ள அனைவரையும் உடனே ஏற்ற வேண்டும். யாரையும் இறக்கக் கூடாது. ச. மரகதவல்லி.'

பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குப் பொறுமை இல்லை.

"கெழவி என்னய்யா எழுதுது? லீவு லெட்டரா?"

"டேய், காதுல விழப்போவுது. அப்புறம் ஒன்னயும் பெயில் ஆக்கிடும்."

ஃபோர்மேன் படித்தார். திரும்பவும் படித்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தப்பு என்னோடதுன்னு எழுதிருக்காங்கப்பா" என்றார் யாரிடமோ. "இருவது வருசமா இந்தப் புஸ்தகத்தப் பாக்குறேன். இப்படி ஒரு வரி வந்ததில்ல."

மேலாளருக்குத் தொலைபேசினார்கள். அவர் என்ன சொன்னாரோ, ஃபோர்மேன், "எழுத்துல இருக்கு சார். நான் எறக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சங்கு ஊதியது. இரவு ஷிப்டுக்காரர்கள் பதினோரு பேர் ஏறி வந்தார்கள். அதிகாலையிலேயே இறங்கியிருந்த இன்னாசி கடைசியில் வந்தான், பம்பை ஆள் இல்லாமல் விட்டால் கெட்டுப்போகும் என்று முணுமுணுத்தபடி. அவனை எண்ணியதும் பன்னிரண்டு. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 11

சுவர் நிற்கிறது.

நவம்பர் 12

நிற்கிறது. கோதண்டபாணி தொலைபேசியில், "செவுரு அப்படியே இருக்கு மேடம். பாத்துட்டுத்தான் வர்றேன்" என்றார். அவர் குரலில் அவ்வளவு மரியாதையை நான் கேட்டதில்லை. குழுவிலிருந்து என்னை நீக்கும் கடிதம் மாலையில் வந்தது. 'வயது மற்றும் உடல்நலன் கருதி.' என் உடல்நலம் பற்றி என்னைக் கேட்டிருக்கலாம்.

பிலோமினாவுக்கும் என்மேல் மனத்தாங்கல். "வீட்டோட ஒக்காந்துகிட்டு என்னைய வேல வாங்குறாரு. குழம்புல புளி பத்தல, வாசல்ல சாணி பத்தலன்னு. எப்ப டீச்சரம்மா கீழ அனுப்புவீங்க?"

சுவர் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேனா, விழ வேண்டும் என்று விரும்புகிறேனா? இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே பதில் எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 14

காலை பத்து நாற்பதுக்குச் சுவரின் அடிக்கால் திறந்துகொண்டது. பெரிய சத்தம் இல்லையாம். ஒரு மாட்டுவண்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. ஏரி உள்ளே வந்தது. பம்புகள் நின்ற இடம் இருபது நிமிடத்தில் மூழ்கியது. மாலைக்குள் பதினொரு மீட்டர். ஏரி இரண்டடி இறங்கிவிட்டதால் ஏரித் தண்ணீரை நம்பிய ஆயக்கட்டுக்காரர்கள் சுரங்க வாசலில் கூடிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். கத்த வேண்டியவர்கள்தாம்.

ஆள் சேதம் இல்லை.

இன்னாசி செய்தி கேட்டுக் கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். காப்பி கொடுக்கச் சொன்னேன், மூன்று கரண்டி சர்க்கரையோடு. டப்பாவில் எறும்பு ஏறிவிட்டது. எப்படியாவது தீர்க்க வேண்டியிருந்தது.

நவம்பர் 17

நாளிதழில் செய்தி. 'நிறுவனத்தின் முன்னோடியான நீர் அபாய மேலாண்மை முறையால் பேரிழப்பு தவிர்க்கப்பட்டது.' அருகில் கோதண்டபாணியின் படம். தலைக்கவசம் புதிது, விலைச்சீட்டின் பசை கூடத் தெரிகிறது.

நவம்பர் 20

இன்னாசி இன்று என் அறைக்குள் வந்தான். எட்டாண்டுகளில் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், நின்றான்.

"ஒண்ணு சொல்லணும் டீச்சரம்மா. மனசு ஒப்பல. மாசில கொழாய ஏத்துனாங்கள்ல, அன்னிக்கே நெனச்சேன். வாய ஏத்துனா நாடா நாலடி கூடத்தான காட்டும், அத எங்க கழிப்பாங்கன்னு."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினேன்.

"அன்றைக்கே தெரியுமா?"

"பம்புக்காரன் நான். கயிறு கட்டித்தான தண்ணி அளப்பேன். இது தெரியாதா?"

"பிறகு ஏன் சொல்லவில்லை? இந்தப் பின்கட்டில்தானே இருக்கிறாய்? பத்து எட்டு நடந்தால் நான். ஒன்பது மாதம், இன்னாசி!"

அவன் தரையைப் பார்த்தான்.

"சொன்னா வைவீங்களே டீச்சரம்மா."

வாய் திறந்தேன், ஏசுவதற்குத்தான். அவன் உடனே அரை அடி பின்வாங்கினான். நாற்பத்தாறு மீட்டர் ஆழத்தில், தலைக்கு மேல் ஓர் ஏரியோடு, சம்பில் நெஞ்சளவு நீரில் நின்று பம்பு ஓட்டிய மனிதர் அவர். அங்கிருந்து ஒரு நாளும் பின்வாங்கவில்லை.

வாயை மூடிக்கொண்டேன். பிறகு, இதை எழுத்தில் வைக்கலாமா, உமக்குத் தொல்லை வருமா என்று கேட்டேன்.

"வெச்சுக்குங்க. மைன்ஸ்ல எனக்கு யாருகிட்டயும் பயமில்ல" என்றார். "உங்கள விட்டா."

நவம்பர் 22

கோதண்டபாணி ஒரு புதிய பதிவேட்டோடு வந்தார். பழையது வெள்ளத்தில் நனைந்துவிட்டதாம். பதிவேடு குழியின் மேல் அலுவலகத்தில், இரும்பு அலமாரியில் இருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. நவம்பர் 9-க்கான பக்கத்தை அழகாகத் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள். 'குழு உறுப்பினரின் ஆலோசனைப்படி பணி நிறுத்தப்பட்டது.' அவ்வளவுதான். உயர்த்தியவள் இல்லை, கழிக்க மறந்தவள் இல்லை.

"சுரங்கத் துறைலேருந்து விசாரணைக்கு வர்றாங்க மேடம். உங்க பேருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. ஒரே ஒரு கையெழுத்து. கமிட்டில மறுபடி நீங்கதான். ஜனவரி விழால உங்களுக்குப் பொன்னாடை போடறதாவும் பேசிருக்கோம்."

மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அது என் மூக்கின்மேல்தான் இருந்தது என்பதைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாயிற்று. அந்நேரத்துக்குள் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். நல்ல தமிழ். குற்றமில்லாத தமிழ்.

பிறகு அதன் குறுக்கே ஒரு கோடிட்டு, கீழே எழுதினேன். முன்பு எழுதியதை வரி பிசகாமல் எழுதிவிட்டு, மேலும் எழுதினேன்:

'குழாயை உயர்த்திய நாளிலேயே இப்பிழையைப் பம்ப் இயக்குநர் திரு. ம. இன்னாசிமுத்து கண்டுகொண்டார். அக்டோபர் 12 அன்று சம்பில் நீர் மிகுந்ததையும் என்னிடம் தெரிவித்தார். நான் அவரைக் கேலி செய்து அனுப்பினேன். நான் ஏசுவேன் என்று அஞ்சியே அவர் மற்றதைச் சொல்லவில்லை. அஞ்சும்படி நடந்துகொண்டவள் நான். அவர்மீது குற்றமில்லை.'

கோதண்டபாணி படித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், இதெல்லாம் பதிவேட்டுல வர்ற விசயமா?"

"தவறான தகவல் ஏதும் இருக்கிறதா?"

"இல்ல."

"அப்படியானால் எடுத்துச் செல்லுங்கள். அதற்கு முன் ஜீப் ஓட்டுநர் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். இதுவும் நனைந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம்."

அவர் காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

தம்ளரை எடுக்க வந்த பிலோமினா போகாமல் நின்றாள். எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

"நானும் ஒண்ணு சொல்லவா டீச்சரம்மா? வைய மாட்டீங்களே?"

"சொல்."

"நீங்க போடுற எலுமிச்ச ஊறுகா. நாலு வருசமா கசக்குது."

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டாள்.

கசக்கவில்லை என்பதே என் முடிவு. ஆயினும் நாளை காலை ஒரு துண்டை எடுத்துத் தின்று பார்க்க வேண்டும்.